கன்னியம்மாவின் பாலும் எங்கள் ஓட்டல் நுரையும்

ஜி.எஸ்.டி. சாலையில் எங்கள் வீட்டுப் பக்கம் புதிதாக ஒரு காபி ஷாப் திறந்திருக்கிறார்கள். போன மாதம் என் மருமகள் அங்கே அழைத்துப் போய் எனக்கு ஒரு லாட்டே வாங்கிக் கொடுத்தாள். கறுப்பு ஏப்ரன் கட்டிய பெண் ஒருத்தி பால் நுரையின் மேல் ஓர் இலை வரைந்து கொண்டுவந்து வைத்தாள். இலை அழகாகத்தான் இருந்தது. இரண்டு வாய் குடித்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, ஆவிக் குழாயைப் பாலுக்குள்ள விடறதுக்கு முன்னாடி வெளியில ஒரு தடவை திறந்து விட்டியா?"

அந்தப் பெண் திகைத்துப் போனாள். "ரஷ்ல மறந்துட்டேன் மேடம். உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

நாக்குக்குத் தெரியும். குழாயில் தேங்கிய தண்ணீர் பாலில் விழுந்தால், எவ்வளவு கொஞ்சமாக இருந்தாலும், காபியின் நடுவில் ஒரு வெறுமை வரும். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் தாம்பரத்தில் ஆவிக் குழாயைப் பிடித்த கை என்னுடையது. இதைச் சொன்னதும் அந்தக் கடையின் மேனேஜர் பிடித்துக்கொண்டார். நல்ல லாட்டேக்கு என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள் என்றார். இத்தாலிக்காரர்கள் பாஷையில் லாட்டே என்றால் பால் என்று அர்த்தமாம். அதுவும் அவர் சொல்லித்தான் தெரியும். அப்படியானால் எண்பதுகளிலேயே மேற்குத் தாம்பரத்தில் நாங்கள் போட்டுக்கொண்டிருந்தது அதுதான். பெயர் மட்டும் எங்களுக்குத் தெரியாது.

என் பெயர் ஜீனத். அத்தாவுக்குத் தாம்பரம் மார்க்கெட்டில் ஸ்டவ் ரிப்பேர் கடை. பம்ப் ஸ்டவ், பெட்ரோமாக்ஸ், கேஸ் அடுப்பு எல்லாம் அங்கே வரும். வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் மூத்தவள் நான் கடையில் உட்கார்ந்துவிட்டேன். பெண்பிள்ளை ஸ்பேனர் பிடிப்பதை வேடிக்கை பார்க்க ஆரம்பத்தில் ஆட்கள் நிற்பார்கள். அடுப்பு எரிந்ததும் போய்விடுவார்கள்.

எண்பத்து மூன்றோ நாலோ, சரியாக நினைவில்லை. ஸ்டேஷன் படிக்கட்டு இறங்கினால் எதிரே தெரியும் ஓட்டலின் முதலாளி பரந்தாமன் சார், பம்பாயிலிருந்து ஒரு காபி மெஷினைத் தருவித்திருந்தார். ஏர்போர்ஸ் ஸ்டேஷனில் வேலை பார்க்கும் வடக்கத்திக்காரர்கள் நிறையப் பேர் அவர் ஓட்டலுக்கு வருவார்கள். அவர்கள் ஊரில் நுரை பொங்கும் எஸ்பிரஸோ காபி குடித்துப் பழகியவர்கள். அவர்களுக்காக வாங்கினார். நம் ஆட்கள் அதற்கு 'எக்ஸ்பிரஸ் காபி' என்று பெயர் வைத்தார்கள். ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்ததால் அந்தப் பெயரே நிலைத்தது. "எக்ஸ்பிரஸ்னு போர்டு வெச்சிருக்கீங்க, பாசஞ்சர் மாதிரி லேட் பண்றீங்களே" என்று பீச் ஸ்டேஷன் ரயிலுக்கு ஓடுகிறவர்கள் கேட்பார்கள்.

மெஷின் வந்த மூன்றாம் நாள் அதன் வால்வு கழுத்திலிருந்து 'உஸ்ஸ்' என்று ஆவி கிளம்பிவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையில் தட்டோடு தெருவுக்கு ஓடினார்கள். எங்கள் கடைக்கு ஆள் வந்தது. அத்தாவுக்கு அப்போது மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டு. பெட்டியை எடுத்துக்கொண்டு நான் போனேன்.

"பாய் வரலையா?" என்றார் பரந்தாமன் சார்.

"அவருக்குக் கை உடைஞ்சிருக்கு சார். நான் பாக்கறேன்."

"நீயா? வெடிச்சுகிடிச்சுத் தொலைக்கப் போகுதும்மா."

"வெடிக்காது சார். பிரஷர் அதிகமானா மேல இருக்கற இந்த வால்வு தானாத் தூக்கிக்கும். இது ஆவிக் குழாய் வால்வு. கசியாம இருக்க இதோட கழுத்துல சுத்தின கயிறு கருகிப் போச்சு. அதான் கசியுது. அவ்வளவுதான்."

மெஷினுக்கு அடியில் இருந்த அடுப்பை அணைத்து, ஆற வைத்து, பழைய கயிற்றைச் சுரண்டி எடுத்துப் புதிதாகச் சுற்றி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. மறுபடி ஆவி ஏற்றியபோது கசிவு இல்லை. ஓட்டலில் இருந்தவர்கள் எல்லாம் பத்தடி தள்ளி நின்றார்கள். நான் மட்டும் மெஷின் பக்கத்தில். பரந்தாமன் சார் அதைப் பார்த்திருக்கிறார்.

மறுநாள் காலை அவரே எங்கள் கடைக்கு வந்தார். "உங்க பொண்ணு மெஷினுக்குப் பயப்படல பாய். காபி போடறதை யாரு வேணா கத்துக்கலாம். பயப்படாம இருக்கறதைக் கத்துக்க முடியாது. வேலைக்கு அனுப்புங்க" என்றார். அத்தா என் முகத்தைப் பார்த்தார். நான் ஏற்கெனவே கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

காபி போடக் கற்றுக்கொண்ட முதல் ஆறு மாதத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாலைத் தீய்த்தேன், கையைச் சுட்டுக்கொண்டேன், சோப்புத் தண்ணீர் போலப் பெரிய பெரிய குமிழியாக நுரை வந்தது. சொல்லவேண்டியது பரந்தாமன் சார் அதை எப்படிச் சோதிப்பார் என்பதைத்தான்.

அவர் திட்டவே மாட்டார். நான் போட்ட காபியைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். சர்க்கரை டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நுரையின் நடுவில் தூவுவார். தூவிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். சர்க்கரை உடனே உள்ளே விழுந்தால் நுரை பொய். கொஞ்ச நேரம் மேலேயே உட்கார்ந்திருந்து, நுரை லேசாகக் குழிந்து, மெதுவாக அமிழ்ந்தால் நுரை நிஜம். அதன் பிறகுதான் குடிப்பார். நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார், மேலுதட்டைத் துடைத்துக்கொண்டு கணக்கு நோட்டைத் திறந்துவிடுவார். நன்றாக இல்லையென்றால் என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொல்வார். "அப்புறம்?"

அந்த 'அப்புறம்'க்குப் பயந்தே நான் காபி கற்றேன்.

கோப்பையிலேயே காபிப் பொடியைப் போட்டு, பாலை ஊற்றி, குழாயை உள்ளே விட்டு உறுமவைப்பதுதான் மற்ற இடங்களில் வழக்கம். கல்யாண வீடுகளில் அப்படித்தான் செய்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. காபிக்குத் தேவையான சூடு வேறு, பாலுக்குத் தேவையான சூடு வேறு. அதனால் பாலைத் தனியே ஒரு எவர்சில்வர் ஜக்கில் ஆவி காட்டி, கண்ணாடி கிளாஸில் காத்திருக்கும் கெட்டி டிகாக்ஷன் மேல் ஊற்ற ஆரம்பித்தேன். பாலைக் காலையில் ஒரே ஒரு கொதி விட்டு இறக்குவேன். பிறகு பால் கேனை ஐஸ் போட்ட தொட்டியில் நிறுத்திவிடுவேன். பால் குளிர்ந்திருந்தால்தான் நுரை பொறுமையாக எழும்பும். சூடான பாலில் ஆவியை விட்டால் நுரை வருவதற்குள் பால் கொதித்து நாற்றம் அடித்துவிடும்.

ஜக்கில் பாதிக்கு மேல் பால் கூடாது. குழாயை முதலில் வெளியே திறந்து, தேங்கிய தண்ணீர் போய் வெறும் ஆவி வரும்வரை விடவேண்டும். பிறகு குழாயின் நுனி பாலின் மேல்தோலுக்குச் சற்றே கீழே இருக்கும்படி பிடித்தால் 'சர்ர்' என்று துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தில்தான் நுரை பிறக்கிறது. பால் கொஞ்சம் ஏறியதும் ஜக்கைத் தூக்கிக் குழாயை ஆழமாக இறக்கவேண்டும். சத்தம் அடங்கிப் பால் சுழல ஆரம்பிக்கும். இன்னொரு கை ஜக்கின் அடியில் இருக்கும். மூன்று எண்ணுவதற்குள் கையை எடுக்கத் தோன்றினால் போதும், நிறுத்திவிடலாம். அதற்கு மேல் போனால் பாலின் இனிப்பு போய்விடும். கடைசியாக ஜக்கைக் கல்லில் ஒரு தட்டு தட்டினால் பெரிய குமிழிகள் உடைந்து, நுரை பட்டுத் துணி மாதிரி பளபளக்கும்.

இப்படி நான் போட்ட காபியில் ஒரு நாள் சர்க்கரை தன் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. பரந்தாமன் சார் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குடித்தார், நோட்டைத் திறந்தார். அன்று மதியம் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஓட்டலுக்கு வெகுநாளாக வரும் ஒருவர் அந்தச் சமயத்தில் அவரிடம் போய், "பாய் வீட்டுப் பொண்ணா காபி போடுது?" என்று தணிந்த குரலில் கேட்டார். எனக்குக் காது கேட்கும் தூரம்தான்.

"ஆமா. நுரை எப்படி இருக்கு?" என்றார் பரந்தாமன் சார்.

"நுரைக்கு என்ன குறை? பிரமாதமா இருக்கு."

"அப்புறம்?"

அந்த மனிதர் அதன் பிறகு பல வருஷம் வந்தார். தினம் இரண்டு கிளாஸ் குடித்தார்.

இரண்டே வருஷத்தில் எங்கள் எக்ஸ்பிரஸ் காபிக்குப் பல்லாவரத்திலிருந்தும் சேலையூரிலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். காலேஜ் பிள்ளைகள், ஏர்போர்ஸ்காரர்கள், ரயிலை விட்டு இறங்கிய கையோடு வரும் ஆபீஸ்காரர்கள். இந்தப் புகழில் பாதி கன்னியம்மாவுக்குச் சேரவேண்டும்.

கன்னியம்மா இரும்புலியூர்க்காரர். கொஞ்சம் நிலமும் ஐந்து எருமைகளும் உண்டு. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவர். விடியற்காலையில் சைக்கிள் கேரியரில் பால் கேனைக் கட்டித் தானே மிதித்துக்கொண்டு வருவார். சாதாரணக் காபிக்கும் டீக்கும் ஓட்டலில் பாக்கெட் பால். என் மெஷினுக்கு மட்டும் கன்னியம்மாவின் எருமைப் பால். அந்தப் பாலின் நுரையில் ஒரு கனம் இருக்கும்.

"என் பால்ல தண்ணி கலந்தேன்னு வெச்சுக்கோ ஜீனத்து, என் எரும என்னப் பாத்து சிரிக்கும்" என்பார். பின்கட்டு வழியாக வருவார், பாலை அளந்து ஊற்றுவார், பின்கட்டு வழியாகவே போய்விடுவார். எட்டு வருஷம் இப்படித்தான்.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் ஒரு கோடை. மழை பொய்த்து ஓட்டலின் பழைய கிணறு வற்றிப்போனது. பரந்தாமன் சார் பின்பக்கம் ஆழமாகப் போர் போட்டார். தண்ணீர் வந்தது. ஆனால் உப்பு. சமையலுக்கும் டிகாக்ஷனுக்கும் குடிக்கவும் லாரித் தண்ணீர். பாத்திரம் கழுவ, தரை கழுவ போர் தண்ணீர் என்று ஏற்பாடானது.

போர் போட்டு ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. ஒருநாள் மத்தியானம் ஏர்போர்ஸ்காரர் ஒருவர் கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். சாயங்காலம் இன்னும் இரண்டு பேர். மறுநாள் ஒரு ஆசிரியை என்னிடமே வந்து, "ஜீனத், தப்பா நினைக்காதே, காபி தண்ணியா இருக்கு. ஒரு மாதிரி கரிக்குது" என்றார்.

குடித்துப் பார்த்தேன். உண்மைதான். நுரை எழும்பி, எழும்பிய வேகத்தில் அமுங்கியது. அடியில் நாக்கைப் பிடிக்கும் ஓர் உப்பு. பரந்தாமன் சார் சர்க்கரை தூவினார். அது கல் மாதிரி உள்ளே போனது. அன்று அவர் 'அப்புறம்' கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் விடியற்காலை நான் வேலைக்கு வந்தபோது பின்கட்டில் கூட்டம். கன்னியம்மாவின் பாலில் பரந்தாமன் சார் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பாலில் தண்ணீர் கலந்தால் அது காட்டிக்கொடுக்கும். கோடு சரியாகத்தான் நின்றது. கன்னியம்மா இடுப்பில் கை வைத்து நின்றார்.

"நான்தான் சொன்னேன்ல மொதலாளி? கோடு கரெக்டா நிக்குது பாரு."

"நிக்கும்" என்றார் பரந்தாமன் சார். "தண்ணியை ஊத்திட்டு உப்பைப் போட்டா கோடு மேல ஏறிடும். மீட்டரை ஏமாத்தலாம். நாக்கை ஏமாத்த முடியுமா? மூணு நாளா என் கஸ்டமர் எல்லாம் உப்புக் கரிக்குதுன்னு எழுந்து போறாங்க."

கன்னியம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சுண்டிப்போனது. "இன்னா சொல்ற நீ? நான் உப்பு போட்டேனா? என் வூட்டுப் பால்லயா?"

பரந்தாமன் சார் லாக்டோமீட்டரை உருவி உதறினார். கேனை எடுத்தார். சாக்கடையில் கவிழ்த்தார். சமையல்காரர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள், காலை டிபனுக்கு வந்து எட்டிப்பார்த்தவர்கள் எல்லாருக்கும் முன்னால் ஒரு கேன் பால் வெள்ளையாக ஓடியது.

கன்னியம்மா அழவில்லை. வெறும் கேனை சைக்கிளில் கட்டினார். போகும்போது என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கவேண்டும். எட்டு வருஷம் அந்தப் பாலைத் தொட்டவள் நான். அதன் குணம் தெரிந்தவள் நான். நான் வாயைத் திறக்கவில்லை. என் வேலைக்குப் பயந்தேனா, நிஜமாகவே சந்தேகப்பட்டேனா என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

அன்றே பள்ளிக்கரணைப் பக்கமிருந்து வேறொரு பால்காரரை ஏற்பாடு செய்தார்கள். அவர் பாலில் முதல் ஜக் போட்டேன். உப்பு இல்லை. நுரை நின்றது. "பாத்தீங்களா?" என்று ஓட்டல் முழுக்கப் பேச்சு. அப்படியானால் கன்னியம்மா அக்கா நிஜமாகவே கலந்தாரா?

பதினோரு மணி சுமாருக்கு ஒருவர் கிளாஸைத் திருப்பி அனுப்பினார். குடித்துப் பார்த்தேன். அதே உப்பு.

பால் மாறிவிட்டது. உப்பு மாறவில்லை. தொட்டியில் நின்ற பாலை ஒரு கரண்டி எடுத்துக் குடித்தேன். இனிப்பாக, சுத்தமாக இருந்தது. அதே பாலை ஜக்கில் ஊற்றி ஆவி காட்டிக் குடித்தேன். கரித்தது. தொட்டிக்கும் கிளாஸுக்கும் நடுவே இருப்பது நானும் என் மெஷினும்தான்.

மெஷினைப் பார்த்தேன். பாய்லரின் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். உள்ளே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டும். ஸ்டவ்காரர் மகள் நான், நாளைக்கு நூறு தடவை அதைப் பார்க்கிறவள். அளவை மட்டுமே பார்த்திருக்கிறேன். அன்றுதான் தண்ணீரைப் பார்த்தேன். அது தண்ணீர் மாதிரி அசையவில்லை. சோப்புக் கரைத்த மாதிரி நுரைத்து, குதித்து, ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பாலில் வரவேண்டிய நுரை பாய்லருக்குள் வந்துகொண்டிருந்தது.

பாய்லருக்குத் தண்ணீர் நிரப்புவது பின்பக்கத்துக் குழாயில் ஹோஸ் மாட்டித்தான். அந்தக் குழாயில் ஒரு வாரமாக வருவது போர் தண்ணீர். ஹோஸை மாட்டியது யார்? நான்தான். ஆவிக்குத்தானே, யார் குடிக்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.

ஒரு கிளாஸைத் துடைத்துக் காயவைத்து, ஆவிக் குழாயின் வாயில் பிடித்தேன். திறந்தேன். வெறும் ஆவி வரவேண்டிய இடத்தில் 'பொளக் பொளக்' என்று துப்பித் துப்பி வந்தது. கொஞ்ச நேரத்தில் கிளாஸின் அடியில் இரண்டு விரற்கடை தண்ணீர். ஆறவைத்துக் கல்லாவுக்குக் கொண்டுபோனேன்.

"சார், இதைக் கொஞ்சம் குடிச்சுப் பாருங்க."

ஒரு மடக்கு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "தூ! ஒரே உப்பு! என்ன இது?"

"இதுல பாலே இல்ல சார். மெஷினோட ஆவிக் குழாயில வந்தது."

கிளாஸைக் கல்லாவில் வைத்தார். அப்புறம் தலையை ஆட்டினார். "இல்ல ஜீனத். உப்பு எங்கயாவது ஆவியாகுமா? கடல் தண்ணி ஆவியாகித்தான் மழை பெய்யுது. மழை உப்பாவா இருக்கு? நான் மூணாங்கிளாஸ்ல படிச்சது."

கேள்வி நியாயமானது. கண்ணாடிக் குழாயில் பார்த்த நுரையை நினைத்துக்கொண்டேன்.

"ஆவியில உப்பு வராது சார். ஆனா இங்க வர்றது ஆவி மட்டுமில்ல. உப்புத் தண்ணி கொதிச்சா நுரைக்குது. நுரை மேல ஏறி, ஆவியோட சேந்து தண்ணியே தெறிச்சு வெளிய வருது. தினம் ராத்திரி வடிச்சிடறோம். காலையில புதுத் தண்ணி, உப்பு கம்மி. அதான் காலையில நல்லா இருக்கு. வத்த வத்த நாம மேலமேல ஊத்தறோம். ஆவி போயிடுது, உப்பு உள்ளேயே சேந்துக்கிட்டே போகுது. பதினோரு மணிக்கு மேல கரிக்குது."

"இதை எப்படி நம்பறது?"

"ஒரு நாள் லாரித் தண்ணி குடுங்க சார். அதே பால்காரர், அதே பால், அதே கை. தண்ணியை மட்டும் மாத்தறேன். சாயங்காலம் வரைக்கும் ஒரு கிளாஸ் கரிச்சாலும் நான் நாளையிலேர்ந்து வரல."

லாரி தினமும் வராத காலம். குடிநீர் ஒவ்வொரு குடமும் தங்கம். அவர் யோசித்தார். "சரி" என்றார்.

மெஷினை அணைத்து, ஆறவைத்து, அடிக்குழாயைத் திறந்து எல்லாத் தண்ணீரையும் வடித்தேன். வெள்ளையாகக் கலங்கி வந்தது. இரண்டு முறை அலசினேன். மறுநாள் லாரித் தண்ணீர் ஊற்றி, கண்ணாடிக் குழாயில் பாதிக்குச் சற்று மேலே வந்ததும் நிறுத்தினேன். அடுப்பை மூட்டினேன். கண்ணாடிக்குள் தண்ணீர் அமைதியாக நின்றது. ஒவ்வொரு ஜக்குக்கு முன்னும் குழாயை வெளியே திறந்து துப்பவிட்டேன். பதினோரு மணி ஆயிற்று. பரந்தாமன் சார் கல்லாவை விட்டு எழுந்து மெஷினுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார். ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்தார். பன்னிரண்டுக்கு இன்னொன்று. இரண்டு மணிக்கு இன்னொன்று. சர்க்கரையைத் தூவவே மறந்துவிட்டார். சாயங்கால ரயில் கூட்டம் வந்து, குடித்து, போனது. ஒரு கிளாஸ்கூடத் திரும்பி வரவில்லை. முந்தாநாள் கரிக்கிறது என்று சொன்ன ஆசிரியை இரண்டாவது கிளாஸ் கேட்டார்.

ஜெயித்துவிட்டேன். ஆனால் பரந்தாமன் சார் கல்லாவில் போய்த் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு கேன் பாலைச் சாக்கடையில கொட்டிட்டேனே ஜீனத்." பிறகு நிமிர்ந்து, "நீ போய் அந்தம்மாவைக் கூட்டிட்டு வந்துடு. நீ சொன்னா வரும்" என்றார்.

அவரிடம் மறுத்துப் பேசியது அன்றுதான் முதல் தடவை. "கொட்டினது நீங்க சார். ஹோஸ் மாட்டினது நான். ரெண்டு பேரும்தான் போகணும்."

ஆட்டோவில் இரும்புலியூர் போனோம். கன்னியம்மா கொட்டகையில் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் வேலையை நிறுத்தவில்லை. நான் முதலில் பேசினேன். போர் தண்ணீர், ஹோஸ், பாய்லர், எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றதையும் சொன்னேன்.

பரந்தாமன் சார் கையைக் கூப்பினார். "தப்பு என்னுதும்மா. மன்னிச்சுடுங்க. நாளையிலேர்ந்து பால் கொண்டு வரணும்."

கன்னியம்மா வாளியைக் கீழே வைத்தார். "மொதலாளி, நீ என் பாலக் கொட்டுன. சரி, அது போவட்டும். எரும நாளைக்கும் கறக்கும். எத்தினி பேரு முன்னாடி கொட்டுன? இப்ப என் வூட்டாண்ட வந்து, மாட்டுக்கும் எனக்கும் மட்டும் கேக்கறாப்புல மன்னிப்பு சொல்லிகினு இருக்க. அந்த சனம் என்னப் பத்தி இன்னா நெனச்சுகினு இருக்கும்?"

பரந்தாமன் சார் கூப்பிய கையை இறக்கினார். பிறகு, "நாளைக்குக் காலையில வாங்க. டிபன் நேரத்துக்கு வாங்க" என்றார்.

மறுநாள் எட்டு மணிக்கு ஓட்டலில் கால் வைக்க இடமில்லை. கன்னியம்மா வழக்கம்போல் பின்கட்டுப் பக்கம் சைக்கிளைத் திருப்பினார். பரந்தாமன் சார் வாசலுக்கு ஓடிப்போய் நிறுத்தினார். கேனைத் தன் கையால் இறக்கினார். வாசல் வழியாக, மேஜைகளுக்கு நடுவே, கேனைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் வர, கன்னியம்மா பின்னால் வந்தார். சமையல்கட்டிலிருந்தும் எல்லாரும் வந்து நின்றார்கள்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க" என்றார் சத்தமாக. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. "முந்தாநாள் இந்தம்மா பால்ல உப்பு இருக்குன்னு சொல்லி நான் கீழே கொட்டினேன். உப்பு இவங்க பால்ல இல்ல. என் போர் தண்ணியில இருந்தது. எட்டு வருஷமா இவங்க குடுத்தது சுத்தமான பால். தப்பு பண்ணினது நான்."

ஒரு ஓரத்தில் யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லாரும். கன்னியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நேராக நடு மேஜைக்குப் போய் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"இன்னா ஜீனத்து, பாத்துகினு நிக்கற? அந்த எக்ஸ்பிரஸ் காபிய ஒண்ணு போடு. இன்னாதான் அதுல கீதுன்னு பாக்கறேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டு வருஷமாக அவர் பாலில் காபி போடுகிறேன். ஒரு கிளாஸ் அவருக்குக் கொடுத்ததில்லை.

அவர் கொண்டுவந்த பாலையே ஒரு கொதி விட்டு, ஐஸில் குளிரவைத்து, அவசரப்படாமல் ஆவி காட்டினேன். என் வாழ்நாளில் அதைவிட நல்ல காபி நான் போட்டதில்லை. கொண்டுபோய் வைத்தேன். கன்னியம்மா கிளாஸை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். பாதியில் நிறுத்திக் கிளாஸைப் பார்த்தார். மறுபடி குடித்தார். மேலுதட்டில் வெள்ளையாக நுரை.

"அடிப்பாவி" என்றார். "என் பால வாங்கி இத்த இத்தினி வருசமா ஊருக்கெல்லாம் குடுத்துகினு, எனக்கு ஒரு வாய் காட்டாம இருந்தியே!"

ஓட்டலே சிரித்தது. நானும் அழுதுகொண்டே சிரித்தேன்.

காலிக் கிளாஸை மேஜையில் வைத்துவிட்டு அவர் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "இன்னொண்ணு போடு."

போட்டேன். அந்த இரண்டாவது கிளாஸை மேஜைக்கு எடுத்துக்கொண்டு போனவர் பரந்தாமன் சார்.